பஸ்ஸில் பை, அருவியில் நாங்கள்

கல்வராயன் மலைக்குப் புதுசாகப் போஸ்டிங் வாங்கிப் போகிற நர்சுப் பிள்ளைகள் சிலர் என்னைத் தேடி வருவார்கள். "மேல எப்படிக்கா அத்தினி வருசம் இருந்தீங்க?" என்று கேட்பார்கள். ஊசி, மாத்திரை, ரெஜிஸ்டர் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன். அதெல்லாம் டிரெய்னிங்கில் சொல்லிக் குடுத்திருப்பார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதையைத்தான் சொல்லுவேன். நிறைமாசக்காரி ஒருத்தியும் நானும் ரோட்டோர அருவிக்குப் பக்கத்தில் நிற்கிறோம், எங்கள் பஸ் எங்களை விட்டுவிட்டு மலை இறங்கிப் போகிறது. அந்தக் கதை.

கேட்டவர்களில் ஒருத்தி இதை எழுதச் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து எனக்கு வராது, பேச்சுதான் வரும்.

1. வாந்தியும் அருவியும்

நான் சின்னசேலம் பக்கத்துக்காரி. மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் சமவெளி. எங்கள் ஊரில் ஏரிக்கரைதான் உயரமான இடம். அப்படிப்பட்டவளைக் கரியாலூர் பக்கம் ஒரு சப்-சென்டரில், அதாவது துணை சுகாதார நிலையத்தில் போட்டார்கள். சேர்ந்த அன்று கச்சிராயபாளையம் தாண்டி, அணை தாண்டி, பஸ் மலை ஏற ஆரம்பித்ததுதான் தெரியும். ஒவ்வொரு வளைவுக்கும் வயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஜன்னலை விட்டுத் தலையை உள்ளே எடுக்கவே இல்லை. ஊருக்கு ஊசி போட வந்தவளுக்கு யாராவது ஊசி போட்டால் தேவலை என்று இருந்தது.

அருவி வந்ததும் கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். "போய் மூஞ்சி கழுவிக்கினு வாங்க, நர்சம்மா. அவசரமில்ல" என்றார். அந்த அருவி ரோட்டை ஒட்டியே விழுகிறது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் சாரல் அடிக்கும். இறங்கி நாலு கை தண்ணியை முகத்தில் அடித்தேன். அப்பாடா! போன உயிர் வந்தது. இந்த மலையில் என்னால் இருக்க முடியும் என்று அங்கேதான் தோன்றியது.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த வழியாகப் போனேன், வந்தேன். ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பாமல் போனதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குப் பிடிக்காது. கீழே இருந்து வேன் வேனாக வந்து இறங்குவார்கள். பிரியாணிப் பொட்டலம், பாட்டு, ஆட்டம், கூச்சல். போகும்போது பாட்டிலைப் பாறை மேல் போட்டுவிட்டுப் போவார்கள். பஸ் ஜன்னலில் இருந்தே நான் கத்தியிருக்கிறேன். அவர்கள் சிரித்துக்கொண்டே கை ஆட்டுவார்கள். இன்னும் எரிச்சலாக வரும்.

2. பூங்கொடி போட்ட கண்டிஷன்

என் பொறுப்பில் இருந்த ஊர் ஒன்றில் பூங்கொடி என்று ஒரு பெண். சின்ன வயசு. முதல் பிரசவம் வீட்டிலேயே நடந்து, நாள் கடந்து இழுத்து, பிள்ளை இறந்தே பிறந்திருந்தது. நான் அந்த ஊருக்குப் போவதற்கு முன்னால் நடந்தது அது. இப்போது இரண்டாவது. உடம்பில் ரத்தம் கம்மி. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கும். ஹை ரிஸ்க் மதர் என்று நாங்கள் சொல்லுவோம். இப்படிப்பட்டவர்களை வலி வரும்வரை மலையில் வைத்திருக்கக் கூடாது. முன்கூட்டியே கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

அவள் வரவே மாட்டேன் என்றாள். ஆம்புலன்சைக் கூப்பிடுகிறேன் என்றால் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். காரணம் தெரிந்துகொள்ளவே எனக்கு வெகு நாள் ஆனது. அவள் சிறுமியாக இருந்தபோது அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், ஒரு வாடகை ஜீப்பில் படுக்க வைத்துக் கீழே அனுப்பியிருக்கிறார்கள். ஆம்பிளைகள் எல்லாம் முன்னால் ஏறிக்கொண்டார்கள். பின்னால் அம்மா தனியாகப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை. எந்த வளைவில் போனதென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. படுக்க வைத்து ஏற்றுகிற வண்டியில் நான் ஏற மாட்டேன் என்று அவள் சொன்னது இதனால்தான்.

"பஸ்ல வர்றியா? ஒக்காந்துக்கினு போலாம். நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றேன். அவள் கேட்டாள், "அந்த அருவியில எறங்கிப் பாக்கலாமாக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த மலையில். அருவியைத் தாண்டிப் பஸ்ஸில் எத்தனை தரம் போயிருப்பாள்! இறங்கியதே இல்லையாம். ரேஷன், சந்தை, கல்யாணம், சாவு என்று ஏதாவது ஒரு வேலையாகத்தான் போவாள். அருவியைப் பார்ப்பதற்காக யார் இறக்கி விடுவார்கள்? கீழே இருந்து வருகிறவர்கள் குளித்துக் கூத்தடிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள்.

"பாக்கலாம். நான் காட்டறேன்" என்று சொன்னேன்.

அவள் புருஷன் கோவிந்தராசு கர்நாடகாவில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். அவன் சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தான். மறுநாளே கிளம்பலாம் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வரை விட்டால் மனசு மாறிவிடுவாள். அந்த வாரம் சர்ச்சுக்குப் போகவில்லை. ஏசப்பா கோவித்துக்கொள்ள மாட்டார் என்று எனக்கு நிச்சயம்.

3. நர்சம்மா பை இருக்குது

ஞாயிறு மதியப் பஸ். ஏறும்போதே முக்கால்வாசி நிறைந்திருந்தது. எனக்கும் பூங்கொடிக்கும் பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் சீட்டு கிடைத்தது. கோவிந்தராசு முன்னால் டிரைவர் பக்கம் நின்றுகொண்டான். கண்டக்டர் எனக்குத் தெரிந்த பையன்தான். அருவியில் கொஞ்சம் நிறுத்தப்பா, இந்தப் பிள்ளை பார்க்கணும் என்று சொல்லி வைத்தேன். "அங்க எப்படியும் ஆள் ஏறும்க்கா. நிப்பாட்டித்தான் ஆகணும்" என்றான்.

அருவி வந்து இறங்கும்போது சீட்டில் என் நீலப் பையையும் குடையையும் வைத்துவிட்டு இறங்கினேன். நம் ஊர் வழக்கம் தெரியாதா? பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுச் சீட்டுப் பிடிப்பார்கள். துண்டு கிடந்தால் அது ஆள் உட்கார்ந்த மாதிரி. கலெக்டரே வந்தாலும் எடுக்க மாட்டார்கள். அதிலும் என் பையை அந்த ரூட்டில் தெரியாதவர்கள் இல்லை. பி.பி. மெஷின், கையுறை, பிரசவ கிட், என் செல்போன், அவளுடைய கர்ப்பிணி அட்டை எல்லாம் அதற்குள்தான்.

அருவியில் அன்றைக்குத் தண்ணி ஜாஸ்தி. பூங்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். பாறை மேல் ஏற விடவில்லை, சாரல் விழுகிற இடத்திலேயே நிறுத்தினேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். முகமெல்லாம் நனைந்தது. துடைக்கவே இல்லை. அந்த முகத்தில் அதுவரை நான் சிரிப்பைப் பார்த்ததே கிடையாது. அன்றைக்குப் பார்த்தேன்.

இதற்குள் பஸ்ஸில் நடந்ததைப் பிற்பாடுதான் எனக்குச் சொன்னார்கள். குளித்து முடித்த கும்பல் திபுதிபுவென்று ஏறியிருக்கிறது. நிற்க இடமில்லை. பின்வாசலில் மாட்டிக்கொண்ட கண்டக்டர் பையன், "நர்சம்மா ஏறிட்டாங்களா?" என்று சத்தம் போட்டுக் கேட்டிருக்கிறான். முன்னால் நின்ற கோவிந்தராசு எட்டிப் பார்த்தான். தலைகளுக்கு நடுவில் குடைக் கம்பியும் நீலப் பையும் தெரிந்தன. "நர்சம்மா பை இருக்குது, ஏறிட்டாங்க" என்று சொல்லிவிட்டான். விசில் அடித்தாகிவிட்டது. கட்டிய புருஷனே சாட்சி சொன்ன பிறகு கண்டக்டர் இன்னா பண்ணுவான்?

அந்த நேரத்தில்தான் பூங்கொடி குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, இந்தத் தண்ணி சூடா இருக்குதுக்கா."

எனக்குப் புரிந்துவிட்டது. பனிக்குடம் உடைந்துவிட்டது. சாரலில் நனைந்த சேலையில் அது எப்போது ஆரம்பித்தது என்றே தெரியவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், பஸ் வளைவில் இறங்குகிறது. கத்தினேன். அருவிச் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

4. எஞ்சினை அணைங்கப்பா

அந்த இடத்தில் சிக்னல் கிடையாது. இருந்தாலும் என் போன் பையில், பை பஸ்ஸில். அவளை ஒரு கடலைக் கடைக்காரம்மாவின் சாக்கு மேல் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தண்ணியின் நிறத்தைப் பார்த்தேன். உள்ளே குழந்தைக்கு மூச்சு திணறினால் பச்சை கலக்கும்; கலக்கவில்லை, தெளிவாக இருந்தது. அது ஒரு நிம்மதி. குழந்தையின் துடிப்பு கேட்கிறதா என்று வயிற்றில் காதை வைத்தேன். எங்கே கேட்கும்! உலகத்துச் சத்தமெல்லாம் அருவிச் சத்தமாகவே இருந்தது. முதல் குழந்தை இறந்தே பிறந்தது என்பது மட்டும் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போது ஈரத் தலையோடு ஒரு ஆள் வந்து நின்றான். நைனார்பாளையத்தில் இருந்து வேன் எடுத்துக்கொண்டு வந்த கும்பலில் ஒருத்தன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பாறை மேல் நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தவன். நான் மனசுக்குள் திட்டியிருந்தேன்.

"இன்னாக்கா ஆச்சு?"

சொன்னேன். அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. திரும்பிக் கூப்பிட்டான். பாட்டை நிறுத்தினார்கள். சோப்பு நுரையோடு வந்தவன்கூட உண்டு. வேனின் நடு சீட்டில் துண்டுகளையும் லுங்கிகளையும் விரித்தார்கள். இடம் வேணும் என்று நான் சொன்னதும் பாதிப் பேர் இறங்கிக்கொண்டார்கள். எங்களுக்கு வழி இருக்குது, நீங்க போங்க என்றார்கள். விசில் அடித்தவன்தான் வண்டி ஓட்டினான். முட்டை வண்டி ஓட்டுகிற மாதிரி ஓட்டினான்.

இரண்டு வளைவு தாண்டியதும் அருவிச் சத்தம் அடங்கியது. "எஞ்சினை அணைங்கப்பா. யாரும் பேசக்கூடாது" என்றேன். அணைத்தான். மறுபடியும் அவள் வயிற்றில் காதை வைத்தேன். பின்னால் ஐந்தாறு ஆம்பிளைகள் தண்ணி சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் மூச்சு விடவில்லை. காதை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். பூங்கொடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டது. டக்டக்டக்கென்று, ஓடுகிற குதிரை மாதிரி.

"இருக்குது" என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வண்டி கிளம்பியது. அன்றோடு அந்த வேன்காரர்கள் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பாட்டில் போடுகிற விஷயத்தில் மட்டும் இன்னும் கோபம்தான், அது வேறு.

இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால், மலை ரோட்டில் ஒருத்தன் எதிரே மேல்நோக்கி ஓடி வருகிறான். காலில் செருப்பு இல்லை. சட்டை பட்டன் திறந்து கிடக்கிறது. கோவிந்தராசு! அவனையும் வேனில் இழுத்துப் போட்டோம். பெண்டாட்டியைப் பார்த்ததும் "பை இருந்திச்சி, பை இருந்திச்சி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வலியிலும் அவனைப் பார்த்து முறைத்தாள்.

மூச்சு வாங்கி முடித்த பிறகு விஷயத்தைச் சொன்னான். பாதி மலை இறங்கியதும், பூங்கொடிக்குத் தண்ணி பாட்டில் குடுக்கலாம் என்று கூட்டத்தை நெருக்கிக்கொண்டு வந்திருக்கிறான். வந்து பார்த்தால் சீட்டில் பையும் குடையும்தான் உட்கார்ந்திருக்கின்றன. சுற்றி அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருத்தர் உட்காரவில்லை. பக்கத்தில் நின்ற எலவனாசூர்கோட்டை அம்மா ஒருத்தர் பெருமையாகச் சொன்னாராம், "நர்சம்மா எடமாச்சே. ஒக்கார வந்த ரெண்டு பேரைத் தொரத்திட்டேன்." நாங்கள் முன்னாலோ பின்னாலோ நிற்கிறோம் என்று ஒவ்வொருத்தரும் நினைத்திருக்கிறார்கள். அவன் போட்ட கூச்சலில் பஸ் நின்றது. அந்த வளைவில் பஸ் திரும்ப முடியாது. இவன் குதித்து ஓட ஆரம்பித்துவிட்டான்.

5. செக்போஸ்ட்

அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் எங்கள் பஸ் நின்றுகொண்டிருந்தது. சிக்னல் கிடைத்த இடத்திலேயே கண்டக்டர் பையன் 108-க்குப் போன் போட்டிருக்கிறான். ஆம்புலன்சும் வந்து நின்றது. பஸ்ஸில் வந்தவர்களில் ஒருத்தர்கூடப் போகலாம் என்று சொல்லவில்லையாம். எல்லாரும் ரோட்டில் இறங்கி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, மறுநாள் வேலை இருக்கிறது. எங்களுக்காக நின்றார்கள். இன்றைக்கு நினைத்தாலும் அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் விஷயம் இன்னும் முடியவில்லை. வலி நெருங்கி வர ஆரம்பித்துவிட்டது. அவளுக்குப் பெரியாஸ்பத்திரி வேணும், ரத்தம் வேணும், வழியில் பிறந்தால் பார்க்க ஆம்புலன்சில் இருக்கிற சாமான் வேணும். பூங்கொடி வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்சின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஸ்ட்ரெச்சர். அவள் அதையே பார்த்தாள். "அது வேணாங்க்கா" என்றாள். கோவிந்தராசு கெஞ்சினான். ஆம்புலன்சில் வந்த டெக்னீஷியன் தம்பி தன்மையாகப் பேசிப் பார்த்தான். அவள் கை கதவை விடவில்லை.

கண்டக்டர் பையன் என் பையைக் கொண்டுவந்து குடுத்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பாவம். நான் அந்தப் பையை எடுத்துக்கொண்டுபோய், ஆம்புலன்சுக்குள் ஸ்ட்ரெச்சரை ஒட்டிய சீட்டில் வைத்தேன். "பாரு, எடம் போட்டுட்டேன். உன் தலைமாட்டுலயே ஒக்காந்து வருவேன். உன்னத் தனியா அனுப்ப மாட்டேன்" என்றேன்.

அவள் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பை வேணாங்க்கா. நீ ஏறு."

அத்தனை வலியிலும் என்ன தெளிவு! நான் ஏறி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் அவள் கதவை விட்டாள். தானே நடந்து வந்து ஏறிப் படுத்தாள். கள்ளக்குறிச்சி போகும்வரை என் கையை விடவில்லை. என் விரல் மரத்துப்போயிற்று. நானும் எடுக்கவில்லை.

இருட்டுவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. எடை கம்மிதான். ஆனால் என்ன சத்தம்! வார்டே திரும்பிப் பார்த்தது. பூங்கொடிக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. வேன் ஓட்டியவன் ஈரம் காயாத சட்டையோடு ஆஸ்பத்திரி வரைக்கும் பின்னாலேயே வந்திருந்தான். ரத்தம் குடுக்க அவன்தான் முதலில் கையை நீட்டினான். ஏசப்பா, உமக்கு ஸ்தோத்திரம் என்று வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். ஆராதனை தவறவில்லை, இடம்தான் மாறியது.

நிறைமாசக்காரியை அருவியில் ஏன் இறக்கினாய் என்று பிற்பாடு என்னைக் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே பதில்தான். அருவியைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்காவிட்டால் அவள் வீட்டை விட்டு இறங்கியிருக்கவே மாட்டாள். பனிக்குடம் அந்த வீட்டில் உடைந்திருக்கும். நான் கீழே சர்ச்சில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்திருப்பேன்.

6. இன்னொரு தடவை

குழந்தைக்குத் தடுப்பூசி எல்லாம் ஒழுங்காகப் போட்டு, அது தவழ ஆரம்பித்த சமயம். ஒரு நாள் கள்ளக்குறிச்சி வேலையை முடித்துக்கொண்டு மூன்று பேரும் பஸ்ஸில் மலை ஏறுகிறார்கள். நானும் அதே பஸ். அருவி வந்தது. "அன்னிக்கு ஒழுங்காவே பாக்கலக்கா" என்றாள் பூங்கொடி.

"எறங்கலாம் வா" என்றேன். பழக்க தோஷம், பையைச் சீட்டில் வைக்கப் போனேன். அவள் என் கையைத் தடுத்தாள். பையை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டாள். குடையையும் குடுத்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, "நீ ஒக்காரு" என்றாள். கோவிந்தராசு இரண்டு பேர் சீட்டில் நட்டநடுவில் உட்கார்ந்தான். "நாங்க வந்து ஏர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. கண்டக்டர் கேட்டா இன்னா சொல்லுவ?"

"ஏறலன்னு சொல்லுவேன்" என்றான்.

பஸ்ஸே சிரித்தது. நாங்கள் இறங்கினோம்.

இளம் நர்சுகளே, நான் படித்த பாடம் இதுதான். பயந்துபோன பொம்பளை உங்களிடம் ஏதாவது கேட்டால், அது உங்களுக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் செய்து குடுங்கள். உங்களுக்குப் பதிலாகப் பையை வைத்துவிட்டு நகராதீர்கள், பக்கத்தில் ஆளாக நில்லுங்கள். மற்றதை யாராவது ஈரத் தலையோடு வந்து செய்துவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு அருவிப் பக்கம் நின்றுகொண்டு, குழந்தையை அவள் கையில் இருந்து வாங்கினேன். சாரல் பட்டதும் குட்டி முகத்தைச் சுளித்தது, பிறகு நாக்கை நீட்டிச் சுவைத்துப் பார்த்தது. பூங்கொடி இரண்டு கையாலும் தண்ணியைப் பிடித்து மகளின் காலில் விட்டாள். "சில்லுனு இருக்குதுக்கா" என்றாள்.